டெல்டாவில் மண் பரிசோதனை: புதிதாக வயலில் இறங்குபவர்களுக்கு

வெளியூர் வேலையை விட்டுவிட்டுத் தாத்தா நிலத்தைப் பார்க்க வந்தவர்கள், கும்பகோணம் பக்கமோ மன்னார்குடி பக்கமோ புதிதாக நிலம் வாங்கியவர்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள் என்று டெல்டாவில் இப்போது புதுமுகங்கள் நிறைய. எல்லோருக்கும் கிடைக்கும் முதல் புத்திமதி, "மொதல்ல மண்ணைக் கொண்டுபோய்க் குடுங்க" என்பதுதான். எந்த மாதத்தில் எடுப்பது, எவ்வளவு ஆழம், கையில் என்ன தாள் வேண்டும், எந்த வாசலில் போய் நிற்பது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நானும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஏக்கர் வயலில் மேல் அரையடி மண் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ இருக்கும். ஆய்வகத்துக்குப் போவது அரைக் கிலோ. அதிலும் அவர்கள் சோதனைக்கு எடுப்பது சில கிராம். அதனால் ஆய்வு முடிவாக வரும் மண்வள அட்டையில் உள்ள எண் சரியா தப்பா என்பது பெரும்பாலும் வயலிலேயே முடிவாகிவிடுகிறது. தாள், கட்டணம் எல்லாம் சின்ன விஷயம். நேரத்தைக் கொத்துகிற இடத்தில் செலவழியுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

டெல்டாவில் வயல் சும்மா கிடக்கும் காலம் குறைவு. சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் முடியும். அறுப்புக்கு முன்பே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரை வரை நிற்கும். உளுந்து எடுத்ததற்கும் குறுவைக்கு நாற்றங்கால் விடுவதற்கும் நடுவில் கிடைக்கிற சில வாரங்கள்தான் நமக்கு. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், மே கடைசியில் அட்டை கையில் இருக்க வேண்டும். அப்படியானால் ஏப்ரலிலேயே மண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது.

உரம் போட்டு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். தொழு உரம் அடித்த கையோடு, ஆட்டுக்கிடை போட்ட கையோடு எடுக்காதீர்கள். கிடை போடுவதாக இருந்தால் மண்ணை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிசம்பர் 5 உலக மண் நாள். இந்திய மண் அறிவியல் சங்கத்தின் கிளைகள், வேளாண் கல்லூரிகள், வேளாண் அறிவியல் நிலையங்கள் எல்லாம் அன்று கூட்டம் நடத்தும். போய் உட்கார்ந்து கேளுங்கள், நமக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த உற்சாகத்தில் மறுநாளே மண் எடுக்கக் கிளம்பாதீர்கள். டெல்டாவில் அப்போது சம்பா நின்றுகொண்டிருக்கும், வயலில் தண்ணீர் கட்டியிருக்கும், மேலுரமும் போயிருக்கும். அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு போய் எந்தப் பயனும் இல்லை.

2. தாள்கள்

ஆதார் நகல், சிட்டா நகல், கைபேசி எண். அவ்வளவுதான். சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் கட்டணம் இல்லாமல் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இ-சேவை மையத்தில் எடுத்தால் அவர்களுக்குரிய காசு.

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இரண்டு இடத்தில். ஒன்று, வருவாய் கிராமம். நீங்கள் ஊர் என்று சொல்வது ஒரு குக்கிராமமாக இருக்கும், வருவாய்க் கணக்கில் நிலம் பக்கத்து ஊர்ப் பெயரில் கிடக்கும். படிவத்தில் சிட்டாவில் உள்ள பெயரை எழுதுங்கள். இரண்டாவது, புல எண். பழைய கிரயப் பத்திரத்தில் ஒரு எண்ணும் இப்போதைய சிட்டாவில் வேறு எண்ணும் இருப்பது இங்கே சாதாரணம். உட்பிரிவோடு சேர்த்துச் சிட்டா எண்ணைத்தான் எழுத வேண்டும். இது தப்பினால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அட்டை வேறு யாருடைய நிலத்தோடோ போய் ஒட்டிக்கொள்ளும்.

குத்தகைக்காரர்கள் கவனிக்க. டெல்டாவில் கோயில் நிலமும் ஆதீன நிலமும் ஏராளம், பட்டா உங்கள் பெயரில் இருக்காது. வெறும் பரிசோதனைக்கு அது தடையாக இருப்பதில்லை. ஆனால் அட்டையைக் காட்டி மானியத்தில் ஜிப்சமோ துத்தநாக சல்பேட்டோ கேட்கும்போது சாகுபடி செய்வது நீங்கள்தான் என்பதற்குச் சான்று கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் சாகுபடி செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குத்தகை ரசீது இருந்தால் அதன் நகலும். இவற்றை மே மாதம் வரை ஒத்திப்போடாதீர்கள். அப்போது எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

3. எத்தனை மாதிரி என்று வரப்பில் நின்று முடிவு செய்யுங்கள்

ஒரு புல எண்ணுக்கு ஒரு மாதிரி என்று நினைக்காதீர்கள். சர்வே கல்லுக்கு மண்ணின் குணம் தெரியாது. வயலைச் சுற்றி வந்து பாருங்கள். மேட்டு வயல் தனி, தண்ணீர் வடியாமல் நிற்கும் பள்ள வயல் தனி. கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் இடம் தனி. போன வருஷம் பயிர் மஞ்சள் கட்டிய மூலை தனி. ஒரே மாதிரி இருக்கும் பகுதிக்கு ஒரு மாதிரி போதும்.

இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. பழைய டெல்டாவில், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம், களத்தூர் வகை என்று மண் ஆய்வாளர்கள் பெயரிட்ட கனத்த களிமண் அதிகம். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று கல்லணைக் கால்வாய் பாயும் பக்கம் போனால் மதுக்கூர் வகைச் செம்மண் சார்ந்த மணற்பாங்கான மண் வந்துவிடும். அண்ணன் நிலம் நீடாமங்கலத்தில், தம்பி நிலம் ஒரத்தநாட்டில் என்றால் ஒருவர் அட்டை இன்னொருவருக்கு உதவாது.

"எங்களுக்கு ஏற்கெனவே அட்டை வந்திருக்கே" என்று சிலர் சொல்வார்கள். மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, கட்டத்துக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள். அது ஆறு ஏக்கர் சொச்சம், நம் பழைய நில அளவையில் ஏறக்குறைய ஒரு வேலி. அந்த ஒரு மாதிரியின் முடிவுதான் அந்தக் கட்டத்துக்குள் இருந்த எல்லோருக்கும் அச்சாகி வந்தது. அதை எறிய வேண்டாம், ஆனால் அதை உங்கள் வயலின் கணக்கு என்று நம்பவும் வேண்டாம்.

4. கொத்துவது

தேவையானவை: மண்வெட்டி, ஒரு மூங்கில் சில்லு, பிளாஸ்டிக் பேசின், பழைய பருத்தித் துணி. இரும்பு வாளி, தகர வாளி வேண்டாம். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களின் எண் அதனால் கெடும். காலி யூரியா சாக்கு, டிஏபி சாக்கு பக்கத்திலேயே வரக்கூடாது. எத்தனை தடவை உதறினாலும் அதில் உரத்தூள் இருக்கும்.

வரப்பை ஒட்டி, வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குப்பை கொட்டிய இடம், வைக்கோல் எரித்த இடம் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அறுத்த பயிரின் தாள், சருகை மட்டும் கையால் தள்ளுங்கள், மேல்மண்ணைச் சுரண்டாதீர்கள். மண்வெட்டியால் இரண்டு பக்கமும் சரிவாக வெட்டி, ஆங்கில "வி" எழுத்து மாதிரி ஒரு குழி எடுத்து அந்த மண்ணை வெளியே போட்டுவிடுங்கள். அப்புறம் குழியின் ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை அரை அங்குலக் கனத்துக்கு ஒரு சீவல் எடுங்கள். மண்வெட்டி பட்ட இடத்தை மூங்கில் சில்லால் வழித்துவிட்டு, நடுவில் உள்ள மண்ணைப் பேசினில் போடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே கனம் வர வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆழம் நெல்லுக்கு 15 செ.மீ. கரும்பு, வாழை, பருத்தி என்றால் 22.5 செ.மீ. தென்னை, மா வைக்கப் போகிறீர்கள் என்றால் 30, 60, 90 செ.மீ. என்று மூன்று ஆழத்தில் தனித்தனியாக எடுத்துத் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டும்.

கோடையில் களிமண் வயலைக் கொத்துவது இலேசான வேலை இல்லை. எங்கள் வயலில் வேலை பார்க்கும் பெரியவர், "இப்பக் கொத்துனா தீப்பொறிதான் பறக்கும் தம்பி, ஒரு மழை பெய்யட்டும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. கோடை மழை ஒன்று பெய்து மூன்று நான்கு நாள் ஆனபின் மண்வெட்டி வழவழவென்று இறங்கும், சீவல் உடையாமல் வரும். மழையே இல்லை என்றால் கடப்பாரையால் நெம்பி, கட்டியைப் பக்கவாட்டில் செதுக்கி எடுக்கலாம். எப்படி எடுத்தாலும் வெடிப்பு விட்ட இடத்தில் எடுக்காதீர்கள். மேல்மண் வெடிப்புக்குள் விழுந்து கிடக்கும், அதை 15 செ.மீ. ஆழத்து மண் என்று ஆய்வகத்துக்குக் கொடுப்போம்.

5. காயவைத்துப் பையில் போடுவது

எல்லா இடத்து மண்ணையும் துணியில் கொட்டி, வேர், கல், நத்தை ஓடு எல்லாம் பொறுக்கிவிட்டு நிழலில் பரப்புங்கள். வெயிலில் போடக்கூடாது. களிமண் என்றால் ஒரு விஷயம்: முழுக்கக் காய்ந்தபின் உடைக்கலாம் என்று விட்டால் கல்லாகிவிடும். அரைக்காய்ச்சலில் இருக்கும்போதே விரலால் உதிர்த்துவிடுங்கள். திண்ணையில் பரப்பினால் கோழி வந்து கிளறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த மண்ணை வட்டமாகப் பரப்பி, விரலால் கூட்டல் குறி மாதிரி கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்குங்கள். மீதியை மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ வரும் வரை இப்படியே செய்யுங்கள். சுத்தமான துணிப்பையிலோ புதிய பாலிதீன் பையிலோ கட்டுங்கள்.

விவரச் சீட்டை இரண்டாக எழுதுங்கள். ஒன்று பைக்குள், ஒன்று வெளியே கட்டித் தொங்கவிட. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப் போகும். பெயர், தகப்பனார் பெயர், வருவாய் கிராமம், வட்டாரம், புல எண், பரப்பு, பாசனம் ஆறா போரா, போன பயிர், அடுத்த பயிர். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் காலியாக விடுகிறார்கள். உரப் பரிந்துரை அடுத்த பயிருக்குத்தான் போடப்படும். "நெல்" என்று மட்டும் எழுதாமல் குறுவையா சம்பாவா, என்ன ரகம் என்று எழுதுங்கள்.

ஒதுக்கிய மண்ணில் இன்னொரு அரைக் கிலோவை அதே சீட்டோடு கட்டி, அட்டை கைக்கு வரும் வரை வீட்டில் வையுங்கள். நான் கொடுத்த பைகளில் ஒன்று ஓர் ஆய்வகத்தில் காணாமல் போனது. மாற்றுப் பை இருந்ததால் மறுபடி கடப்பாரை தூக்க வேண்டியிருக்கவில்லை.

6. எங்கே கொடுப்பது, எவ்வளவு ஆகும்

எளிய வழி, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரிடம் கொடுப்பது. அவர்கள் சேர்த்து அனுப்புவார்கள். ஆனால் சேரும் வரை உங்கள் பை அலமாரியில் இருக்கும். அவசரம் என்றால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கே நேரில் கொண்டுபோங்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆடுதுறையில் இருக்கிறது. அங்கேயே உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேறு. நடமாடும் மண் பரிசோதனை வண்டியும் கிராமங்களுக்கு வரும். எப்போது வரும் என்பதை விரிவாக்க மையத்தில் கேட்டு வையுங்கள்.

துறை நிலையங்களில் ஒரு மாதிரிக்குச் சில பத்து ரூபாய்தான். பல்கலைக்கழக ஆய்வகம், நீடாமங்கலம், சிக்கல் போன்ற வேளாண் அறிவியல் நிலையங்கள், தனியார் ஆய்வகங்கள் என்று போனால் என்னென்ன சோதனை கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நூற்றுக்கணக்கில் ஆகும். ரசீது இல்லாமல் பையைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ரசீதில் உள்ள மாதிரி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விசாரிக்க அந்த எண்தான் வேண்டும்.

முடிவு வர இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கூட்டத்தில் சிக்கினால் ஒரு மாதம் தாண்டலாம்.

கொடுக்கும்போதே வாய்விட்டுக் கேட்க வேண்டியவை இரண்டு: நுண்ணூட்டச் சோதனை உண்டா, ஜிப்சம் தேவை (சோடியம் மிகுந்த களர் மண்ணைத் திருத்த எவ்வளவு ஜிப்சம் வேண்டும் என்பது) கணக்கிட முடியுமா. இரண்டாவதைக் கேட்காவிட்டால் தானாக வராது.

7. போர் தண்ணீரையும் கொடுங்கள்

குறுவைக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் வரை பில்டர் பாயிண்டை (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) நம்பி நாற்று விடுகிறீர்கள் என்றால், மண்ணை மட்டும் பார்ப்பது பாதி வேலை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் நாலு தடவை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சர்பத் பாட்டில், பூச்சிமருந்து பாட்டில் எதுவும் வேண்டாம். முடிவில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற வரியைப் பாருங்கள். 1.25 வரை பயமில்லை. 2.5-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் வருஷா வருஷம் மண்ணைக் களராக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தலைஞாயிறு, வேதாரண்யம் என்று கடலோரம் இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

8. அட்டையைப் படிப்பது

பன்னிரண்டு வரி இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லை. கார அமில நிலையும் (pH) உப்பின் நிலையும் (EC). கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நிம்மதி. 8.5-ஐத் தாண்டினால் களர். உப்பின் நிலை 1-க்குள் இருந்தால் கெடுதல் இல்லை, 3-க்கு மேல் போனால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். களருக்குச் செய்வது வேறு, உவருக்குச் செய்வது வேறு. வெறும் உவருக்கு நல்ல தண்ணீர் விட்டு அலசி வடிப்பதுதான் வழி, அங்கே ஜிப்சம் வாங்கிக் கொட்டுவது காசுக்குக் கேடு.

அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75-க்கு மேல் அதிகம். ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில், தமிழ்நாட்டு ஆய்வகங்களில் தழைச்சத்து 280-க்குக் கீழே குறைவு, 450-க்கு மேல் அதிகம். மணிச்சத்து 11-க்குக் கீழே குறைவு, 22-க்கு மேல் அதிகம். சாம்பல்சத்து (பொட்டாஷ்) 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேல் அதிகம்.

பணம் மிச்சமாகும் இடம் மணிச்சத்து. வருஷா வருஷம் பழக்கத்துக்கு டிஏபி போட்ட வயலில் அது அதிகம் என்று வந்தால், பரிந்துரையில் குறைத்திருப்பார்கள். ஒரு டிஏபி மூட்டை 1,350 ரூபாய். சோதனைக் கட்டணத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

துத்தநாகம் குறைவு என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், தண்ணீர் கட்டும் நெல் வயலில் அது வழக்கம். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவலாம். டிஏபியோடு சேர்த்துக் கலக்காதீர்கள், மணிச்சத்து துத்தநாகத்தைக் கட்டிவிடும்.

9. கடைக்குப் போகுமுன் கணக்கு

அட்டை ஹெக்டேரில் பேசும், நாம் ஏக்கரில் பேசுவோம், வயலில் ஆட்கள் மாவில் பேசுவார்கள். ஹெக்டேர் எண்ணை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கர். ஏக்கரை மூன்றால் வகுத்தால் ஒரு மா.

இன்னொரு குழப்பம், அட்டையில் இருப்பது சத்தின் எடையா உரத்தின் எடையா என்பது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குறுவைக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. மணிச்சத்து ஏக்கருக்கு 20 கிலோ, டிஏபியில் அது 46 சதவீதம், ஆக 44 கிலோ டிஏபி. அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. ஏக்கருக்கு வேண்டிய 61 கிலோவில் அதைக் கழித்தால் 53. யூரியாவில் 46 சதவீதம், ஆக 115 கிலோ, 45 கிலோ மூட்டையில் இரண்டரை. பொட்டாஷில் 60 சதவீதம், ஆக 34 கிலோ. யூரியாவையும் பொட்டாஷையும் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வரும்போது என்று நான்காகப் பிரிக்க வேண்டும். உங்கள் அட்டையில் வரும் எண்ணை இதே வரிசையில் போட்டுப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் கடைக்காரர் சொல்வதுதான் பரிந்துரை.

10. களர் என்று வந்தால்

ஜிப்சம் தேவை எவ்வளவு என்று ஆய்வகம் சொல்லியிருந்தால், அதில் பாதி அளவு போடச் சொல்வது வழக்கம். மானியத்தில் கிடைக்குமா என்று விரிவாக்க மையத்தில் ஏப்ரலிலேயே கேட்டுப் பெயர் எழுதி வையுங்கள், இருப்பு சீக்கிரம் தீரும். வயலைச் சமன் செய்து, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி, தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும், அதுவும் சில தடவை. அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். வடிகால் தூர்ந்து கிடந்தால் ஜிப்சத்துக்கு முன் அதைத் தூர்வாருங்கள். சோடியம் கரைந்து வெளியே போக வழி இல்லாமல் நீங்கள் கொட்டும் ஜிப்சத்தால் பயன் இல்லை.

அதன்பின் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை, பூக்கத் தொடங்கும் 45 நாள் வாக்கில் மடக்கி உழுதுவிட வேண்டும். பசுந்தாள் விதைக்கும் மானியம் உண்டு. இதையெல்லாம் செய்து முடிக்கக் குறுவையை ஒரு வருஷம் விட்டுவிட்டுச் சம்பாவுக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். நெல் ரகத்தில் திருச்சி 1, திருச்சி 3 இரண்டும் களரைத் தாங்க வந்தவை. விதை வேண்டுமானால் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் முன்கூட்டியே விசாரியுங்கள்.

மறு பரிசோதனை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போதும். ஜிப்சம் போட்ட வயலுக்கு மட்டும் அடுத்த கோடையிலேயே, அதே இடங்களில், அதே மாதத்தில் எடுத்துப் பாருங்கள்.